கோடு விழும் இடம்

7 ஏப்ரல் 2025

ராணிப்பேட்டை சிப்காட்டில் பிளாஸ்டிக் வார்க்கும் மோல்டு செய்யும் எங்கள் டூல் ரூமுக்கு இன்று ஒரு புது டிராயிங் வந்தது. டிரிப் ஏற்றும் லைனில் வரும் லூயர் இணைப்பு. ஒரு முனையில் குழாயை ஒட்டுவார்கள், மறுமுனை வாயில் சிரிஞ்சு வந்து உட்காரும். பாலிகார்பனேட்டில், உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் தெரியும்படி தெளிவாக வர வேண்டும். 4 கேவிட்டி மோல்டு, அதாவது ஒரே அச்சில் நான்கு குழி, ஒரு தடவைக்கு நான்கு பீஸ்.

வாய்க்குள் இருப்பது 6 சதவீதக் கூம்பு. அதாவது 100 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 6 மி.மீ. குறைகிற சரிவு. எந்தக் கம்பெனி சிரிஞ்சும் எந்தக் கம்பெனி இணைப்பிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக ஐஎஸ்ஓ 80369-7 என்ற உலகத் தரவிதி வைத்திருக்கும் அளவு. வாயின் விட்டம் சுமார் 4.3 மி.மீ. பாலிகார்பனேட் ஆறும்போது 0.5 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். இந்த 0.2 சதவீத இடைவெளி 4.3-க்கு 9 மைக்ரான்தான், ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. ஆனால் கூம்பில் விட்டம் 9 மைக்ரான் மாறினால் சிரிஞ்சு முனை 0.15 மி.மீ. முன்னே பின்னே போய் நிற்கும். கணக்கு போட்டுப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

9 ஏப்ரல்

ரிஸ்க் மீட்டிங். வழக்கமான தாள்தான்: பாதிப்பு எவ்வளவு, எத்தனை தடவை நடக்கும், நம் கண்ணில் படுமா என்று மூன்றுக்கும் 10-க்குள் எண் போட்டுப் பெருக்குவது. வெளிப்புறக் கீறலுக்கு 4, 5, 4. பெருக்கினால் 80. வாய் பிளந்து கசிவதற்கு 10, 2, 3. பெருக்கினால் 60. ஆக, கீறல் பட்டியலில் மேலே, கசிவு கீழே!

நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீறல் விழுந்தால் ஒரு பெட்டி திரும்பி வரும். வாய் பிளந்தால் மருந்து படுக்கையில் சொட்டும், அல்லது லைனுக்குள் காற்று போகும். மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 14971-ல் கண்டுபிடிப்பதற்கென்று தனி எண்ணே கிடையாது. தீங்கு நடக்கும் வாய்ப்பு, அதன் கடுமை, இந்த இரண்டும்தான். தடுக்கும் வழிக்கும் அது வரிசை சொல்கிறது: முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை எடுத்துவிடு, முடியாவிட்டால் தடுப்பு வை, அப்புறம்தான் எச்சரிக்கை எழுது. "கேமரா வைத்துச் செக் பண்ணிக்கலாம்" என்று மீட்டிங்கில் ஒருவர் சொன்னது இரண்டாவது படி. முதல் படியை நாங்கள் இன்னும் தொடவே இல்லை.

11 ஏப்ரல்

மோல்டுக்குள் பிளாஸ்டிக் எப்படி ஓடி நிறையும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கும் ஃப்ளோ அனாலிசிஸ் முடிவு வந்தது. பயந்தது சரிதான்.

வாடிக்கையாளர் டிராயிங்கில் கேட் நடு உடம்பில், பக்கவாட்டில் இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக் அங்கே நுழைந்து, துளைக்காக நிற்கும் பின்னில் மோதி, இரண்டாகப் பிரிந்து, மறுபக்கம் சேர்கிறது. தினமும் பஸ்ஸில் திருவலம் தாண்டும்போது நினைத்துக்கொள்வேன், மழைக்காலத்தில் பொன்னையாறு பாலத்துத் தூணைச் சுற்றி ஓடுவதும் இப்படித்தான். தண்ணீர் சேர்ந்தால் தடம் இருக்காது. பிளாஸ்டிக் சேர்வதற்குள் அதன் முகம் ஆறிப்போகும், கோடு விழும். அதுதான் வெல்டு லைன்.

கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தேன். வாயின் விளிம்பிலிருந்து கூம்பின் நீளவாக்கில் நேராக இறங்குகிறது. சிரிஞ்சு முனை ஆப்பு மாதிரி உள்ளே இறங்கும்போது வாய் அகலப் பார்க்கும். விசை முழுக்க அந்தக் கோட்டைப் பிளக்கும் திசையிலேயே வரும். இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

14 ஏப்ரல், சித்திரை 1

சத்துவாச்சாரியில் சித்தி வீட்டில் சாப்பாடு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம். சித்தி முப்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பையில் பழைய இணைப்பு ஒன்றும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொண்டுபோயிருந்தேன். சாப்பிட்டதும் அவர் கையில் கொடுத்து, "வார்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க சித்தி" என்றேன்.

இடது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இணைப்பைப் பிடித்தன. வலது கை சிரிஞ்சை அழுத்தித் திருப்பியது. இறுகிவிட்டது. அத்தோடு நிற்கும் என்று நினைத்தேன். மணிக்கட்டு இன்னும் ஒரு கால் சுற்று போனது, விரல் நுனி வெளுத்தது.

"இது எதுக்கு சித்தி?"

"ராத்திரி பன்னண்டு மணிக்கு அந்தாளு புரண்டு படுத்தா கழண்டுக்கும் கண்ணு. கடைசியா ஒரு திருப்பு திருப்பினாத்தான் எனக்கு நிம்மதி."

அப்புறம் கேட்காமலே ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு முறை மாட்டும் முன்னும் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது. சாப்பிட முடியாத நோயாளிக்கு வெள்ளையாகப் பால் மாதிரி ஒரு கொழுப்புச் சத்து பாட்டிலும் இதே லைனில் போகும் என்றார். எனக்குத் திக்கென்றது. இழுவிசையில் நிற்கும் பாலிகார்பனேட்டுக்கு ஆல்கஹாலும் ஆகாது, கொழுப்புத் திரவமும் ஆகாது. மயிரிழை விரிசல் விட்டுவிடும். இறுக்கம், ஸ்பிரிட், கொழுப்பு, வெல்டு லைன், நான்கும் ஒரே இடத்தில் கூடுகின்றன. எங்கள் தாளில் இவற்றில் இரண்டுதான் இருக்கின்றன, அதுவும் தனித்தனி வரிகளாக. மற்ற இரண்டும் அதில் இல்லவே இல்லை.

17 ஏப்ரல்

கேட்டைக் குழாய் முனைக்கு மாற்றச் சொல்லி எழுதினேன். அங்கே நுழைந்தால் பிரிந்த ஓட்டம் சூடு ஆறுமுன் சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு வாய்ப்பக்கம் வளையமாகவே நிறையும். கேட்டின் தழும்பு கையுறையைக் கிழிக்காமல் இருக்க, அதை 0.3 மி.மீ. பள்ளத்துக்குள் வைத்தேன்.

ஃபிட்டர் அண்ணன் டிராயிங்கை வெகுநேரம் பார்த்தார். "கோடு போயிடும்மா, சரி. ரெண்டு பின்னும் நடுவுல சந்திக்கிற இடத்தப் பாத்தியா?"

பார்த்திருக்கிறேன். அதை மறக்க எனக்கு வழியில்லை. பல வருடங்களுக்கு முன், வேறொரு கம்பெனியில், ஊசி அடிப்பாகத்துக்கு நான் போட்ட மோல்டில் இதே மாதிரி இரண்டு பின்கள். சந்திக்கும் இடத்தில் இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டது. துளைக்குள் ஃபிளாஷ், வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சோதனையில் தண்ணீர் விட்டபோது அது பிய்ந்து வடிகட்டியில் வந்து உட்கார்ந்தது. வடிகட்டி இல்லையென்றால் அது போகிற இடம் ஒருவருடைய ரத்தக்குழாய். பூதக்கண்ணாடியில் அந்தத் துணுக்கைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த முறை ஒரு பின்னின் நுனி மற்றதற்குள் நுழைந்து உட்காரும்படி வைத்தேன். இடைவெளி 10 மைக்ரானுக்குள். பின் வளையாமல் நிற்பதற்கும் அதுவே தாங்கல்.

6 மே

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். வாடிக்கையாளர் கேட் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மோல்டைச் சோதித்து ஒப்புதல் தரும் வேலிடேஷன் ஒருமுறை முடிந்துவிட்டால் ஸ்டீலில் கை வைத்தாலும் மறுபடி சோதனை, மறுபடி காகிதம், ஆகவே தெரிந்த தவறோடும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் இந்த மூன்று வாரம் அவ்வளவு அடம் பிடித்தேன்.

கூம்புப் பின்னை 12 மைக்ரான் தடிமனாகவே விடச் சொன்னேன். தடித்த பின்னைத் தேய்த்துக் குறைக்கலாம், குறைந்த பின்னில் ஸ்டீலை ஒட்ட முடியாது.

9 ஜூன்

முதல் ட்ரையல். பொடியை 120 டிகிரியில் நான்கு மணி நேரம் உலர்த்தினோம். ஈரம் 0.02 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பாலிகார்பனேட் உருகும்போதே உள்ளுக்குள் உடையும். சில சமயம் பார்வைக்குப் பளபளவென்றே இருக்கும், பலம் மட்டும் இருக்காது. நடுவில் மின்சாரம் இருபது நிமிடம் போனது. அந்த ஹாப்பரை முழுக்க இறக்கிவிட்டு, புதுப் பொடி போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். பயிற்சிக்கு வந்திருக்கும் பையன், "இருபது நிமிஷம்தானேக்கா?" என்றான். அந்தப் பொடியில் வந்த முடிவை எப்படி நம்புவது என்று கேட்டேன். புரிந்துகொண்டான்.

முழுசாக நிரப்பாமல் பாதி, முக்கால் என்று ஷாட் எடுத்து வரிசையாக மேஜையில் வைத்தோம். மூன்று கேவிட்டியில் வாய்ப்பக்கம் சீரான வளையமாக ஏறுகிறது. 3-ஆம் கேவிட்டியில் மட்டும் ஒரு பக்கம் முந்துகிறது. சுவரை அளந்தால் ஒரு பக்கம் தடிப்பு. பின் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது.

12 ஜூன்

சிரிஞ்சு முனையை இறுக்கி மாட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, 48 மணி நேரம் வைத்திருந்த பீஸ்களை இன்று திறந்தோம். ஒவ்வொன்றையும் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 1, 2, 4 கேவிட்டி பீஸ்களில் விரிசல் இல்லை, காற்றழுத்தச் சோதனையிலும் கசிவு இல்லை. 3-ல் ஒரு பீஸில், விளிம்பிலிருந்து 2 மி.மீ. அளவுக்கு ஒரு வெள்ளிக் கோடு.

அந்த ஒரு கேவிட்டியை அடைத்துவிட்டு மூன்றில் ஓட்டலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பின் உட்காரும் குழியில் 6 மைக்ரான் விலகல் இருப்பதை ஃபிட்டர் அண்ணன் அளந்து கண்டுபிடித்துவிட்டார். நாளைக் காலை அந்தக் குழி இருக்கும் துண்டை, இன்சர்ட்டை, கழற்றுகிறோம். சித்தியையும் ஒருநாள் கூப்பிட்டு வர வேண்டும், அடுத்த ட்ரையல் பீஸ்களை இறுக்குவதற்கு.