இவருக்குப் பதில் இவர்

நான் எழுதும் சீரியலில் ஹீரோ ஏன் விலகினார் என்பதை விடுங்கள். சம்பளம், கால்ஷீட், சினிமா ஆசை என எல்லா சீரியலிலும் இருக்கும் கதைதான். என்னைக் குடைவது, அவர் இடத்துக்கு வந்தவர் மேக்கப் ரூமில் கேட்ட கேள்வி.

"சார், அந்த பர்ஸ் பாக்குறது... அதையும் பண்ணணுமா?"

பழையவர் ஒவ்வொரு பொய்க்கும் முன்னால் பர்ஸை எடுப்பார், திறந்து உள்ளே பார்ப்பார், மூடிவைப்பார். அப்புறம்தான் பொய் வரும். என் சீன் பேப்பரில் அது கிடையாது. ஏதோ ஒரு டேக்கில் அவராகவே செய்தார், லைட்மேன்கள் சிரித்தார்கள், ஒட்டிக்கொண்டது. பிறகு நானே அதற்கு இடம் விட்டு வசனம் எழுத ஆரம்பித்தேன்.

"பண்ணுங்க தம்பி. அது கேரக்டரோடது" என்றேன்.

வேறென்ன சொல்வது? தினமும் வீட்டுக்குள் வந்துபோன ஆள் திடீரென்று வேறு முகத்தோடு வருகிறார். அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டுவிட்டோம். பார்க்கிறவர்கள் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

டிஸ்கஷனில் நான் வேறு வழியும் சொல்லிப் பார்த்தேன். அமெரிக்க காமெடி சீரியலான 'சியர்ஸ்'ஸில் டயானாக நடித்த ஷெல்லி லாங் 1987-இல் விலகியதும், அந்தக் குழு இன்னொரு டயானைத் தேடவில்லை. கிர்ஸ்டி ஆலியை ரெபெக்கா என்ற புது ஆளாகக் கொண்டுவந்தது. 1993 வரை ஓடியது. 'டூ அண்ட் எ ஹாஃப் மென்'னில் 2011-இல் சார்லி ஷீன் நீக்கப்பட்டதும் அவர் கேரக்டரையே சாகடித்துவிட்டு, ஆஷ்டன் குட்சரைக் கோடீஸ்வரனாக அந்த வீட்டுக்குள் விட்டார்கள். (அதே ஷீன்தான் 2000-இல் 'ஸ்பின் சிட்டி'யில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் விட்ட இடத்துக்குப் போனவர்.)

தயாரிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். "அவங்களுக்கு வாரத்துக்கு ஒரு எபிசோடு சார். நமக்கு தினம் ஒண்ணு. 'எதிர்நீச்சல்'ல மாரிமுத்து சார் இறந்தப்புறம் வேல ராமமூர்த்தி சார் அதே குணசேகரனா வரலையா?"

வந்தார்தான். ஆனால் மாரிமுத்து அந்த 'இந்தாம்மா'வைச் சொன்ன விதம் யாருடையது, கேரக்டருடையதா? அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் மறுநாள் ஷூட்டிங் நிற்கப்போவதில்லை.

புதியவர் பர்ஸைத் திறந்தார். டைமிங்கில் குறையே இல்லை. ஃப்ளோரில் சிரித்தார்கள்; இவரைப் பார்த்தா, போனவரை நினைத்தா என்று தெரியவில்லை. டிஆர்பி விழவில்லை என்பதால் யாரும் அதை ஆராயவும் இல்லை.

ஒருநாள் ரிகர்சலில் அவர் தன் பாணியில் ஒன்று செய்து காட்டினார். பொய்யை மடமடவென்று கொட்டிவிட்டு, தனக்கே நம்பிக்கை வராத மாதிரி அதையே மெதுவாக இன்னொரு தரம் சொன்னார். பர்ஸைவிட நன்றாகவே இருந்தது. "டைம் இல்ல தம்பி, அடுத்த ஷெட்யூல்ல பாக்கலாம்" என்றேன். நிஜமாகவே டைம் இல்லை, ராத்திரிக்குள் எபிசோடு போய்ச் சேர வேண்டும். அடுத்த ஷெட்யூலில் அவர் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

கல்யாண வீடுகளில் இப்போது அவரைப் பார்த்தால் பர்ஸை எடுக்கச் சொல்கிறார்களாம். எடுத்துக் காட்டுகிறார். பழையவர் இன்னொரு சேனலில் அண்ணன் வேஷம் போடுகிறார், அங்கே பர்ஸைத் தொடுவதே இல்லை. தொட்டிருந்தால் நானே போன் போட்டுச் சண்டைக்குப் போயிருப்பேன்.