ஐப்பசி மழையில் ராஜா இல்லாத கோட்டை

வேலூர் என்றாலே வெயில்தான் பேச்சு. நான் போனது ஐப்பசி அடைமழையில், பையில் பாதி படித்த ஒரு இங்கிலீஷ் மர்ம நாவலோடு. பனி மூடிய பழைய மாளிகை, வருஷக்கணக்கில் பூட்டியே கிடக்கும் ஓர் அறை, அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றும் கிழட்டு வேலைக்காரி. கதை நடப்பது அக்டோபரில் என்பதால் பக்கத்துக்குப் பக்கம் இலை உதிர்கிறது. நம் ஊரில் அந்த மாதம் கூதிர் காலம். இலை எங்கே உதிர்கிறது? வேப்பமரம் மழையில் குளித்துப் பச்சைப்பசேலென்று நிற்கும்.

காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். "மழையில கோட்டைல இன்னா சார் பாக்கப் போறீங்க?" என்றார் ஓட்டுநர். நாவல் படிக்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இந்த வகைக் கதையே ஒரு கோட்டையில்தான் தொடங்கியது என்பார்கள். 1764-இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய கதைக்குத் தலைப்பே ஒட்ரான்டோ கோட்டை. வேலூர்க் கோட்டை அதைவிட மூத்தது, 16-ஆம் நூற்றாண்டு. அகழி நிறையத் தண்ணீர், மேலே மழைப்புள்ளிகள், கருங்கல் மதிலில் வழியும் ஈரம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒதுங்கினேன். மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. எழுத்து தெரியவில்லை, புத்தகத்தை மூடிவிட்டுத் தூணில் இருந்த யாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லாக் கோயில், ராஜா இல்லாக் கோட்டை. கோயில் சங்கதி உண்மைதான். நெடுங்காலம் மூலவர் இல்லாமலே கிடந்து, 1981-இல்தான் சிவலிங்கம் திரும்பி வந்தது. ராஜாவும் இருந்தார், ஆனால் கைதியாக. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1832-இல் இறக்கும்வரை வேலூர்தான். அதற்கு முன் திப்புவின் குடும்பம். 1806 ஜூலை 10 விடியுமுன் வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இதே மதிலுக்குள்தான். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளில் மூண்ட கோபம். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து சேர்ந்ததும் அன்று காலையே நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். இத்தனையும் நடந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஒரு மாளிகையின் கற்பனைப் பேய்க்கு நான் பயந்துகொண்டிருக்கிறேன்!

"ஆறு மணி ஆவப்போவுது சார், கெளம்புங்க" என்றார் காவலாளி.

ராத்திரி லாட்ஜில் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும். கரண்ட் போனது. ரூம் பையன் மெழுகுவத்தி கொண்டுவந்து வைத்தான். இதைவிடப் பொருத்தமாக எந்த நாவலாசிரியர் ஏற்பாடு செய்துவிட முடியும்? ஆனால் கடைசி அத்தியாயம் ஏமாற்றிவிட்டது. பூட்டிய அறைக்குள் ஒரு கட்டுப் பழைய கடிதங்கள், அப்புறம் இருபது பக்கத்துக்கு விளக்கம். கதவைத் திறக்காமலே முடித்திருக்கலாம், பாவி மனுஷன்.

மறுநாள் காலை காட்பாடி பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் பைக்குகளை நிறுத்திவிட்டு, குடையோடு சனம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி வந்துட்சி சார், பாருங்க."