முன்ன மாதிரியே

போன மாதம் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் போயிருந்தேன். வழக்கம்போல என் ஆவணப்படத்தில் வரும் அந்த பைக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். எங்கே கூப்பிட்டாலும் அதைத்தான் போடுகிறேன். ஓடி முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அன்றைக்கும் அப்படித்தான். அப்புறம் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டார்: "சார், இது ஒரே டேக்கா?"

"சவுண்டு ஒரே டேக்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினார். வேறொருவர் மைக் விலை பற்றிக் கேட்டார், பேச்சு அங்கே போய்விட்டது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஆறு மணி நேரமும் அந்த பதிலைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் நோட்டில் என்ன எழுதியிருப்பார்?

படம் எதைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் 30, 40 நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார்கள். லட்சத்தீவு தாண்டியும் போவார்கள், குஜராத் பக்கமும் போவார்கள். போகும்போது வண்டிச் சாவி, பர்ஸ், நல்ல செருப்பு எல்லாம் வீட்டில் இருக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்த பலர் திரும்பி வரவில்லை. அவர்கள் கரையில் விட்டுவிட்டுப் போன பொருட்கள் இரண்டு வருஷம் கழித்து எப்படி இருக்கின்றன, யார் கையில் இருக்கின்றன என்பதுதான் என் படம்.

அப்படி மகனைக் கடலில் இழந்த ஒரு அம்மாவின் வீட்டுப் பக்கவாட்டில் அந்த மகனுடைய பைக் நீலத் தார்ப்பாய் போட்டு மூடி நின்றது. அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தார்ப்பாயை எடுத்துவிட்டுத் துடைப்பார், மறுபடி மூடுவார். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாங்கள் அந்த ஊரில் தங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த ஞாயிறு கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவரிடம் எதுவும் கேட்கவில்லை, எதையும் செய்யச் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. முதல் தடவை நான் எதையும் செய்யச் சொல்லவில்லை.

நல்ல வெயில். வெளிச்சத்தைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர் போட்டு, 85 எம்.எம். லென்ஸின் துளையை 1.8 வரை அகலத் திறந்து வைத்திருந்தேன். பின்னால் உள்ள சுவர் கரைந்து போய், அவர் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. இரண்டரை மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸில் ஃபோகஸ் நிற்கிற இடம் ஒரு உள்ளங்கை அகலம்தான். ஃபோகஸ் பார்க்கத் தனியாக ஒரு ஆள் வைக்கிற வசதி என் படங்களில் ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று மாதம் கல்யாண வீடியோவும் கம்பெனி வீடியோவும் எடுத்தால் மூன்று வாரம் இதற்கு ஒதுக்கலாம், அதுதான் கணக்கு. நானே இயக்கம், நானே கேமரா. ஒலிப்பதிவுக்கு ஒரு தம்பி.

அவர் வந்தார். கயிற்றை அவிழ்த்தார், தார்ப்பாயை இழுத்தார், சீட்டைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தவர் கையை சீட்டின் மேல் அப்படியே வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெரிதாகக் கதறவில்லை. ஒரு முனகலாக ஆரம்பித்து மேலே போய், ஒரு பெயரில் முடிந்தது. எனக்குக் கை நடுங்கியது. பதிவாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பின்னால் இருந்த சுவரில் காரை பெயர்ந்த இடம் கூர்மையாகத் தெரிகிறது. அவர் வெறும் நிறமாகத் தெரிகிறார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பல வருஷமாக இப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தேன்: கொஞ்ச நேரம் விட்டேன். அவர் மூக்கைச் சிந்தி, முகம் துடைத்துக்கொண்ட பிறகு பக்கத்தில் போனேன். "அம்மா, கேமராவில ஒரு சின்னத் தப்பாயிடுச்சு. அந்தத் தார்ப்பாயை இன்னொரு தடவை எடுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "முன்ன அழுத மாதிரியே அழணுமா மக்கா?"

நான் சொன்ன பதில், "இல்லம்மா, சும்மா தார்ப்பாயை எடுத்தாப் போதும்."

அவர் சரி என்றார். செய்தார். அதே கயிறு, அதே இழுப்பு, அதே இடத்தில் கை. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்தத் தடவை ஃபோகஸ் மயிரிழை தப்பவில்லை.

படத்தில் இருப்பது இரண்டாவது தடவையின் படம், முதல் தடவையின் சத்தம். முகம் மூடியிருந்ததால் உதடு பொருந்த வேண்டிய கவலை இல்லை. முதல் சத்தத்தில் தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் இருந்தது. நாங்கள் தனியாகப் பிடித்து வைத்திருந்த கடல் இரைச்சலை அடியில் போட்டு எடிட்டர் அதை மறைத்தார். நன்றாகப் பொருந்தியது. முதல் பிரதியில் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

இதில் தவறு இருக்கிறதா என்று சக ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எனக்கே சொல்லிக்கொள்ள நிறைய வைத்திருக்கிறேன். இந்தக் கலையே அப்படித்தான் ஆரம்பித்தது. 1922-ல் வந்த, ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி என்கிற அமெரிக்க இயக்குநரின் 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்படத்தில் எஸ்கிமோ குடும்பம் பனிவீட்டுக்குள் தூங்கி எழுகிறது. உள்ளே வெளிச்சம் போதாது என்று ஒரு பக்கம் திறந்து கிடந்த பனிவீட்டில்தான் அதை எடுத்தார். அந்தக் குடும்பம் அந்தக் குளிரில் அவருக்காகப் படுத்து எழுந்தது. துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார். நூறு வருஷமாக அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். நான் இல்லாத ஒன்றைச் செய்யச் சொல்லவில்லை. அந்த அம்மா வாராவாரம் செய்வதைத்தான் இன்னொரு தடவை கேட்டேன். அழுகை அவருடையது. பைக் அவருடைய மகனுடையது. இரண்டு தடவைக்கும் நடுவே இருந்தது பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

இப்படிச் சொல்லும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

முதலில் ஒரு வருஷம் அதை ஒரு குத்தல் என்றுதான் நினைத்தேன். 'என் அழுகை உனக்கு எத்தனை தடவை வேண்டும்' என்று அவர் கேட்டதாக. அப்படி நினைத்தது ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது. என்னைத் திட்டிவிட்டார், நான் வாங்கிக்கொண்டேன், கணக்கு முடிந்தது. ஆனால் அவர் குரலில் அப்படி எதுவும் இல்லை. 'உப்பு போடணுமா' என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அப்புறம் வேறு மாதிரி யோசித்தேன். அந்த ஊர்க்காரர்கள் புயலுக்குப் பிறகு எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள். டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் நடந்த நாட்களில் எல்லா சேனலும் அங்கே இருந்தது. அதற்குப் பிறகு காகித வேலை. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று சட்டம் ஒப்புக்கொள்ள வழக்கமாக ஏழு வருஷம் ஆக வேண்டும். இவர்கள் விஷயத்தில் அரசு அதைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுத்தது. தளர்த்துவதென்றாலும் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது உட்கார்ந்து சொல்லியாக வேண்டும்: எந்த போட்டில் போனான், கடைசியாக எப்போது பேசினான், உன்னிடம் என்ன சொன்னான். ஒரு ஆபீசில் சொன்னதையே அடுத்த ஆபீசிலும் அதே மாதிரி சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் காகிதம் திரும்பி வரும். அந்த அம்மா அப்போது கற்றுக்கொண்டதைத்தான் என்னிடம் கேட்டார் என்று நினைத்தேன். முன்ன மாதிரியே சொல்லணுமா. முன்ன மாதிரியே அழணுமா.

அப்படியென்றால் நான் அந்த வரிசையில் இன்னொரு ஆபீஸ். இது முதல் யோசனையைவிடக் கஷ்டமாக இருந்தது. என்றாலும் இதிலும் எனக்கு ஒரு ஒதுங்குமிடம் இருந்தது. அவரைப் பழக்கியது நானில்லை, எனக்கு முன்னால் வந்தவர்கள்.

படம் எடுக்கும் முன் அவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, பொறுமையாகத்தான் வாங்கினேன். அவர் முகத்தை, குரலை, வீட்டை உலகம் முழுக்க, எந்தக் காலத்திலும், எந்த வடிவத்திலும் காட்டலாம் என்று அதில் இருக்கிறது. ஒரு தடவை செய்ததை மறுபடி செய்யச் சொல்லலாமா என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. இப்போதெல்லாம் நான் எழுதும் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'மறுபடி செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.' சேர்த்த பிறகு மூன்று படம் முடித்துவிட்டேன். இதுவரை ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. அதனால் அந்த வரியால் யாருக்கு என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை.

படம் முடிந்ததும் ஒரு பென் டிரைவில் போட்டு அவர் மகளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். "அம்மா பாத்தாங்க. அண்ணன் வண்டி நல்லா தெளிவா தெரியுதுன்னு சொன்னாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லையா என்று நான் கேட்கவில்லை.

கல்லூரியிலிருந்து திரும்பிய மறுநாள், பழைய ஹார்டு டிஸ்கைத் தேடி எடுத்தேன். ரஷ்ஸஸ், அதாவது வெட்டாத மூலப் பதிவு, முழுவதும் அதில்தான் இருக்கிறது. 'சவுண்டு ஒரே டேக்' என்று சொன்னேன் அல்லவா, அந்த டேக்கை முழுசாகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். எடிட்டிங் சமயத்தில் நான் அதை முழுசாகக் கேட்கவே இல்லை. எடிட்டர் அப்போது, "ஒரு இடத்தில உங்க குரல் விழுது, வெட்டிட்டேன்" என்றார். சரி என்றேன். அவர் வேலையே அதுதானே.

முதலில் இரண்டாவது தடவையின் சத்தத்தைக் கேட்டேன். அதில் அழுகை இல்லை. உடையில் குத்துகிற லேப்பல் மைக்கில் மூச்சு மட்டும் வருகிறது, கொஞ்சம் வேகமான மூச்சு. சத்தமில்லாமல் அழுகிறவர்களும் உண்டு. தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். தெரியவில்லை.

அப்புறம் முதல் தடவை. முனகல், அது மேலே ஏறுவது, பெயர், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் படத்தில் அந்தப் பெயரோடு அழுகை முடிந்துவிடும். ரா சவுண்டில் முடியவில்லை. பெயருக்குப் பிறகும் அழுகை போய்க்கொண்டிருக்கிறது, இரண்டாவது ஏற்றம் ஒன்று வருகிறது. அதன் நடுவில் ஒரு ஆண் குரல் கேட்கிறது. தெளிவாக, அவசரமாக, எரிச்சலோடு.

"ச்சே... போச்சு."

என் குரல். நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அவர் மார்பில் குத்தியிருந்த மைக்கில் அது விழுந்திருக்கிறது என்றால் அவர் காதிலும் விழுந்திருக்கும். அந்த இடத்தில் அழுகை நின்றுவிடுகிறது. குறைந்து குறைந்து நிற்கவில்லை. பட்டென்று நிற்கிறது. படத்தில் அந்த அழுகை பெயரோடு முடிவது எவ்வளவு அழகு என்று ஒரு விழாவில் நடுவர் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆக, அந்தக் கேள்வியைக் கேட்டவர் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்தவர். தன் அழுகையில்தான் ஏதோ பிசகு என்று நினைத்து, எப்படி அழ வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். கேமராவில் தப்பு என்று நான் சொன்னேனே, அது போதாதா? போதாதுதான். ஒரு ஆள் 'போச்சு' என்று சலித்துக்கொண்டதைக் கேட்ட பிறகு, என் சமாதானத்தை அவர் எப்படி நம்பியிருப்பார். என் அம்மாவாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

இப்படி நானாக முடிவு கட்டுவதும் சரியா என்று தெரியவில்லை. ஒரு ஒலிக்கோப்பை வைத்து ஒரு மனுஷியின் மனதைப் படிக்கிறேன். அவர் வேறு ஏதோ காரணத்தால் நிறுத்தியிருக்கலாம். போன் செய்து கேட்டால் தெரிந்துவிடும். எண் இருக்கிறது. கேட்பது என்றால் அவரை அந்த இடத்துக்கு மறுபடி கூட்டிப் போக வேண்டும், மூன்றாவது தடவையாக. இன்னும் செய்யவில்லை.

கோப்பை அதற்குப் பிறகும் பல தடவை ஓடவிட்டுக் கேட்டேன். என் 'போச்சு'வுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்கிறது. மூக்குச் சிந்துகிற சத்தம். அப்புறம் மொடமொடவென்று தார்ப்பாய் இழுபடுகிற சத்தம், கயிறு கட்டுகிற சத்தம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் என் காலடி பக்கத்தில் வருகிறது. "அம்மா, கேமராவில ஒரு சின்னத் தப்பாயிடுச்சு" என்று நான் ஆரம்பிக்கும்போது வண்டி மூடியாகிவிட்டது. வழக்கம்போல வேலை முடிந்தது என்று மூடினாரா, இல்லை நான் கேட்கப்போவது தெரிந்து மூடிவைத்தாரா. அந்த நேரத்துக்கான படம் இல்லை. கேமராவை நான் கீழே இறக்கியிருந்தேன். தரையும் என் செருப்பும்தான் பதிவாகியிருக்கிறது, நல்ல ஃபோகஸில்.