தொட்டிக்குள் ஓர் ஒகேனக்கல்

ஒன்றரை அடி அகல மண்தொட்டியின் அடியில் மூன்று துளையிட்டு, ஓட்டுச்சில்லு பரப்பி, செம்மண், மணல், மண்புழு உரத்தைச் சம அளவில் கலந்து நிரப்பி, எங்கள் தருமபுரி வீட்டு மாடியில் ஒரு குட்டி ஒகேனக்கல்லை அமைத்திருக்கிறேன்.

கிரானைட் பட்டறையில் கழித்த துண்டுகள் பாறைகளாயின. வெள்ளைக் கூழாங்கற்கள் அருவியாயின. பிஸ்தா ஓடு பரிசலாயிற்று. (பரிசல் வட்டமாக அல்லவா இருக்கும் என்று மகள் குறைசொன்னாள், நியாயம்தான்.)

மரங்களுக்காக, தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும் ஜேடு செடியின் கிளைகளை ஒடித்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்திருந்த பிறகே நட்டேன்; ஈரக் காயத்தோடு நட்டால் அழுகிவிடும். அருவியோரம் பெரணி வைக்கவே ஆசைப்பட்டேன். ஆனால் எப்போதும் ஈரம் கேட்கும் பெரணியும், மண் காய்ந்த பின்பே நீர் விரும்பும் ஜேடும் ஒரே தொட்டியில் குடித்தனம் நடத்தமாட்டா என்பதால், அவ்விடத்தைப் பத்துமணிப் பூவுக்குக் கொடுத்துவிட்டேன்.