பவர் ஹவுஸில் கரண்ட் இல்லை

துவைத்த துணி மலைபோல் மடிக்காமல் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் இவருக்குக் கலை ஆர்வம் பொங்கும். நேற்றும் பொங்கியது. லண்டனில் இருக்கும் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக்குப் போய் மார்க் ராத்கோவின் ஓவியங்களைப் பார்த்தே ஆக வேண்டுமாம். அத்தை முதலில் மூட்டுவலி என்றார்கள். டிக்கெட் கிடையாது, சும்மாவே பார்க்கலாம் என்று காதில் விழுந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஸ்வெட்டர் போட்டு வாசலில் நின்றார்கள். அத்தையைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் மின்சாரம் தயாரித்த இடம் என்று வழியெல்லாம் இவர் விளக்கிக்கொண்டே வந்தார். ராத்கோ அறைக்குள் நுழைந்தால் அரை இருட்டு. அந்தப் படங்களை மங்கிய வெளிச்சத்தில்தான் மாட்ட வேண்டும் என்பது அந்த மனிதரின் பிடிவாதம். “பவர் ஹவுஸ்லயே கரண்ட் இல்லையாடா?” என்றபடி அத்தை கண்ணில் பட்ட பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சுற்றிலும் ஆள் உயரத்துக்கும் மேலே அரக்கும் கறுப்பும் சிவப்பும். மனிதர் இல்லை, மரம் இல்லை, ஜன்னல் சட்டம் மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிகிறது, அதுவும் உற்றுப் பார்த்தால்தான். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். அதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பேச்சைக் குறைத்து, பக்தியோடு பக்கத்தில் உட்கார்ந்து தாங்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். படம் பார்க்க வந்தவர்கள்!

இதற்குள் இவர் படத்தை நெருங்கிவிட்டார். பதினெட்டு அங்குலத்தில், அதாவது ஒன்றரை அடியில் நின்று பார்க்க வேண்டும் என்று ராத்கோவே சொல்லியிருக்கிறாராம். அங்கே காவலுக்கு நின்ற பெண்ணிடம் ராத்கோ சிபாரிசு எல்லாம் செல்லுபடியாகவில்லை. கொஞ்சம் பின்னால் போங்கள் என்றார். நியாயம்தானே? 2012-இல் ஒருத்தன் இந்தப் படங்களில் ஒன்றின் மூலையில் மையால் கிறுக்கிவிட்டுப் போக, அதைச் சரி செய்ய ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. இவர் முகமோ அந்தக் கேன்வாஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. “எம்புள்ளைய எதுக்குத் திட்டுறா?” என்று அத்தை விழித்துக்கொள்ள, தம்பதியின் தியானமும் கலைந்தது.

மானத்தை மீட்க இவர் பெஞ்சருகில் வந்து கதையை ஆரம்பித்தார். நியூயார்க் சீகிராம் கட்டடத்தில் இருந்த பெரிய பணக்கார ஓட்டலுக்காக 1958-இல் வரையச் சொன்ன படங்கள் இவை...

“சாப்பிடற எடத்துலயா? இதப் பாத்துக்கிட்டு உக்காந்தா சோறு எறங்குமா?”

இவர் வாயடைத்துப் போனார். அங்கே சாப்பிட வருகிறவனுக்குப் பசியே கெட வேண்டும் என்றுதான் ராத்கோ வரைந்தாராம். கதையின் அந்தக் கட்டத்தை, கச்சேரியின் கடைசிப் பாட்டு மாதிரி, இவர் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தார். அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். கடைசியில் ராத்கோ அந்த ஓட்டலுக்குப் படங்களைத் தர மறுத்து, பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் ஒன்பது படங்களை டேட் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். அவை லண்டன் வந்து சேர்ந்த அதே நாள், 1970 பிப்ரவரி 25, நியூயார்க்கில் தன் ஸ்டூடியோவில் இறந்து கிடந்தார். தானாகத் தேடிக்கொண்ட சாவு.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. “பொண்டாட்டி?”

“முந்தின வருஷமே பிரிஞ்சுட்டாங்கம்மா.”

அத்தை என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். “இவன் என்ன பேசி அறுத்தாலும் விட்டுட்டுப் போயிடாதம்மா.”

எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. அதுவும் வீடு வந்து சேரும் வரைதான். ஹாலில் ஒரு பக்கச் சுவருக்கு அரக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறாராம், லைட்டையும் மங்கலாக மாற்றுகிறாராம். எந்தச் சுவர்? சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவர். வாடகை வீடு இது. டெபாசிட் போனால் யார் தருவார், ராத்கோவா? துணி இன்னும் சோபாவில்தான் கிடக்கிறது.