பைத்தான் 3.13 பீட்டாவோடு சில மாதங்கள்

10 மே 2024

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியின் 3.13 பதிப்புக்கு முதல் பீட்டா (சோதனைப் பதிப்பு) மே 8 அன்று வந்துவிட்டது. இனி புது அம்சம் எதுவும் சேராது, பிழை திருத்தம் மட்டும்தான். அதனால் இதற்கு முந்தைய கட்டமான ஆல்பாவைவிட இதைத் தைரியமாகத் தொடலாம். ஆபீஸ் வேலைக்கான 3.11 அப்படியே இருக்கட்டும் என்று தனி ஃபோல்டரில் கம்பைல் செய்தேன்.

முதலில் பிடித்துப்போனது, பைத்தான் வரிகளை அடித்து உடனே ஓட்டிப் பார்க்கும் டெர்மினல்தான். முன்பெல்லாம் மேல் அம்புக்குறியை அழுத்தினால் அடித்த ஃபங்ஷன் வரிவரியாகத்தான் வரும். இப்போது மொத்தமாக வருகிறது. நடுவில் ஒரு வரியை மட்டும் திருத்தி ஓட்டலாம். இந்தப் புது டெர்மினல், பைத்தானின் இன்னொரு வடிவமான பைபை (PyPy) திட்டத்தின் நிரலை அடிப்படையாகக் கொண்டதாம். வெறுமனே ‘எக்ஸிட்’ என்று அடித்தாலே வெளியே வந்துவிடலாம். இத்தனை வருஷம் அடைப்புக்குறி கேட்டு அடம்பிடித்தது எதற்கோ!

14 மே 2024

டெஸ்ட்களை ஓட்டியதும் முதல் அடி. பழைய நெட்வொர்க் ஸ்விட்ச்களோடு பேசும் ஸ்கிரிப்ட் ‘டெல்நெட்லிப்’ இல்லை என்று நின்றுவிட்டது. சிஜிஐ, கிரிப்ட், இம்ஹெச்டிஆர் என்று பைத்தானோடு கூடவே வந்த 19 பழைய மாட்யூல்களை (தயார் நிரல் தொகுப்புகளை) இந்தப் பதிப்பில் தூக்கிவிட்டார்கள். 3.11-இலேயே எச்சரிக்கை உண்டு. ஆனால் அந்த வகை எச்சரிக்கை, நேரடியாக ஓட்டும் கோப்பில் எழுந்தால்தான் தானாகத் திரையில் வரும். உள்ளே இம்போர்ட் ஆகும் கோப்புகளில் வாயே திறக்காது.

“அண்ணா, இதை எழுதினவர் வேலையை விட்டே போயிட்டாரே, யாரைக் கேட்பது?” என்றான் டீமில் உள்ள தம்பி. நீதான் மாற்றி எழுதணும் என்றேன். முகம் போன போக்கைப் பார்க்கணும்.

8 ஜூன் 2024

இரண்டாம் பீட்டா. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடரை) மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் (GIL) பூட்டு இல்லாத தனி பில்டைப் போட்டுப் பார்த்தேன். பகா எண்களை எண்ணும் சின்ன புரோகிராமை நான்கு த்ரெட்களில் விட்டால் நான்கு கோர்களும் நிஜமாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஒற்றை த்ரெட்டில் சாதாரண பில்டைவிட நன்றாகவே மந்தம். ஓடும்போதே நிரலுக்கு ஏற்ப வேகமெடுக்கும் உத்தியை இந்த பில்டில் அணைத்து வைத்திருப்பது ஒரு முக்கியக் காரணம்.

அதைவிட வேடிக்கை, சி-யில் எழுதிய ஒரு லைப்ரரியை இம்போர்ட் செய்ததும் எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு பூட்டு திரும்ப விழுந்துவிட்டது. ‘பூட்டில்லாமலும் ஓடுவேன்’ என்று லைப்ரரியே சொன்னால்தான் விடுவார்களாம். சரிதான், பயம் இருக்கணும்.

20 ஆகஸ்ட் 2024

எண் கணக்குகளுக்கான லைப்ரரியான நம்பை (NumPy) 2.1 வந்தது, 3.13-க்கு ஆதரவு உண்டு. இதுவரை 3.13-இல் பிப் (pip) என்ற நிறுவும் கருவியில் போட்டால் சோர்ஸிலிருந்து கம்பைல் ஆகி, ஃபேன் கத்தும். இனி அந்தத் தொல்லை இல்லை.

3 அக்டோபர் 2024

அக்டோபர் 1 அன்று ஃபைனல் வரவேண்டியது. அதற்குப் பதில் மூன்றாம் ஆர்சி (ஃபைனலுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்திருக்கிறது. இனி தேவைப்படாத மெமரி என்ற குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளும் புது மெமரி முறை சில இடங்களில் வேகத்தைக் குறைத்ததால் கடைசி நேரத்தில் பழையதற்கே திரும்பிவிட்டார்கள். ஃபைனல் 7-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

மேனேஜர் கேட்டார், 7-ஆம் தேதியே சர்வரில் ஏற்றிவிடலாமா என்று. முதல் பிழைதிருத்தப் பதிப்பான 3.13.1 வரட்டும் சார் என்றேன்.