கருத்தடை மாத்திரையும் என் மனசும்: சேலத்தில் நான் கடந்து வந்தது

கருத்தடை மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு, காரணம் தெரியாமல் மனசு கனத்துப்போய்க் கிடக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அதை வீட்டில் சொல்லி, டாக்டருக்குப் புரியவைத்து, வேறு முறைக்கு மாறுவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

எங்கள் வீடு பொன்னம்மாபேட்டைப் பக்கம். வீட்டிலிருந்தபடியே கொலுசு வேலை செய்கிறேன். வெள்ளியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், முடித்ததையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். கவனம் சிதறினால் நமக்குத்தான் நட்டம். மகள் பால் மறந்த பிறகு, அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும் என்று ஒரு தனியார் கிளினிக்கில் மாத்திரை எழுதி வாங்கினோம். 21 ஹார்மோன் மாத்திரையும் 7 இரும்புச்சத்து மாத்திரையும் உள்ள அட்டை. குமட்டும், இடையில் கொஞ்சம் ரத்தம் படலாம் என்றார்கள். மனசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொஞ்ச நாளில் ஆளே மாறிப்போனேன். தட்டில் வெள்ளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வளையம் மாட்டத் தோன்றாது. மகள் தண்ணீரைக் கொட்டினால் எரிந்து விழுவேன், அப்புறம் சமையல்கட்டில் போய் நின்று அழுவேன். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே முழிப்பு வந்துவிடும். "ஏங் கண்ணு, மொகமே சரியில்லையே?" என்று மாமியார் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் விபூதி வைத்துவிட்டார். அவர் கை நெற்றியில் பட்டது ஆறுதலாகத்தான் இருந்தது. மறுநாள் காலையிலும் அதே கனம்.

விசாரிக்கவும் ஆள் இல்லை. நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதைச் செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மிகமிகக் குறைவு. என் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷனை முடித்துக்கொண்டவர்கள். மாத்திரை சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல எங்கள் தெருவில் ஒருத்தர்கூட இல்லை.

மாத்திரை எழுதிய இடத்திலேயே போய்ச் சொன்னேன். "மாத்திரைக்கும் மனசுக்கும் என்னம்மா சம்பந்தம்? எல்லாம் டென்ஷன்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்றைக்கும் எனக்கு அதில் கோபம் உண்டு. ரத்தப்போக்கு என்று போயிருந்தால் உட்காரவைத்துக் கேட்டிருப்பார்கள்.

எனக்குக் கைகொடுத்தது பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர். மாத்திரை ஆரம்பித்த தேதியை அதில்தான் குறித்திருந்தேன். அழுத நாளுக்குப் புள்ளி, தூக்கம் கெட்ட நாளுக்குக் கோடு, மாதவிலக்குக்கு வட்டம் என்று அதிலேயே போட ஆரம்பித்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிட்டு ஜி.எச். போம்மா, மனநலப் பிரிவுலயும் காட்டு" என்றார். மனநலப் பிரிவு என்றதும் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "என்னங்க, காய்ச்சல்னா போக மாட்டோமா? நான் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றேன். அப்புறம் அவரே லீவு போட்டுவிட்டு வந்தார்.

மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். ஆனால் அந்த டாக்டரம்மா அவசரப்படவில்லை. காலண்டரை மேசையில் விரித்து, மாத்திரை ஆரம்பித்த தேதியில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமாகக் கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு இப்படி இருந்ததா, வீட்டில் யாருக்காவது மன அழுத்தம் இருந்ததா, வீட்டில் அடி உதை உண்டா, சாகணும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். அப்படி யாரும் கேட்டதே இல்லை. ஒளிக்காமல் பதில் சொன்னேன். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள், ஏனென்றால் அவை கோளாறானாலும் இதே சோர்வு வரும். இரண்டும் சரியாகவே இருந்தன.

மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தேதிகள் பொருந்துகின்றன என்றார். டென்மார்க்கில் 15 முதல் 34 வயதுவரை உள்ள பத்து லட்சம் பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2016இல் வந்த ஆய்வைப் பற்றியும் சொன்னார். ஹார்மோன் கருத்தடை இல்லாதவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு சுமார் 1.7 பேர் மன அழுத்த மருந்து எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஹார்மோன் கருத்தடை எடுத்தவர்களில் அது 2.2. பதின்ம வயதுப் பெண்களிடம் வித்தியாசம் இன்னும் கூடுதல். ஆக, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. என் நாத்தனார் இதே மாதிரி மாத்திரைதான் சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறாள். மாதவிலக்குக்கு முன்னால் மனசு படுமோசமாகிற சிலருக்குச் சில வகை மாத்திரைகள் உதவுவதும் உண்டாம். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய் அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம்.

நடப்பு அட்டையை முடித்துவிட்டு நிறுத்தச் சொன்னார்கள், அதுவரைக்கும் அதற்குப் பிறகும் கவுன்சலிங். இடையில் ஆணுறை. அடுத்து எது என்பதில்தான் நிறைய யோசித்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசியும் ஹார்மோன்தான். போட்ட பிறகு ஒத்துக்கொள்ளாவிட்டால் வெளியே எடுக்க வழியில்லை. என் நிலைமையில் அது வேண்டாம் என்று தோன்றியது. சாயா மாத்திரை ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாதது, லக்னோவில் நம் நாட்டு ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. தினமும் இல்லாததால் மறந்துவிடுவேனோ என்று பயம். கடைசியில் கருப்பைக்குள் வைக்கிற, ஹார்மோன் கலக்காத காப்பர் டி போட்டுக்கொண்டேன். 380ஏ வகை, பத்து வருடம் வரை இருக்கும், வேண்டும்போது எடுத்துவிடலாம். இவை எல்லாமே அரசு மருத்துவமனைகளில் இலவசம். போடும்போது சுருக்கென்று அடிவயிறு இழுத்தது, அன்று முழுக்க வலி இருந்தது.

கனம் ஒரே நாளில் போய்விடவில்லை. சில வாரங்களில் காலண்டரில் புள்ளிகள் குறைந்தன, தூக்கம் அதற்கும் பிறகுதான் வந்தது. மாத்திரையை விட்டதாலா, ஒருவர் உட்கார்ந்து கேட்டதாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

டாக்டரிடம் போகிறவர்கள் மாத்திரை அட்டையையும் ஆரம்பித்த தேதியையும் கையில் கொண்டுபோங்கள். சாவு பற்றிய எண்ணம் வந்தால் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எனக்குக் காப்பர் டி போட்ட பிறகு மாதவிலக்கு முன்பைவிட அதிகமாகப் போகிறது. முதல் சில மாதங்கள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஹீமோகுளோபினை மறுபடி பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.